ஹார்ன் அடித்த வெள்ளை பெல்ட்

மோகன்ராஜ் தொடங்காத காரியம் எளாவூரில் இல்லை. முடித்த காரியத்தைத்தான் விளக்குப் போட்டுத் தேட வேண்டும். வாக்கிங் போகிறேன் என்று வெள்ளை ஷூ வாங்கினான்; இப்போது அதைப் போட்டுக்கொண்டு அவன் மனைவி தமிழ்செல்வி மாட்டுக் கொட்டகை கழுவுகிறாள். மாடியில் தோட்டம் போட்டான். தக்காளியைவிட அதைக் கிளறிய கோழிகள்தான் நன்றாக வளர்ந்தன. சபரிமலைக்கு மாலை போட்ட வருஷம் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதுவும் குருசாமிக்குப் பயந்து.

ஆள் கெட்டவன் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பைப் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இத்தனை வருஷத்தில் ஒரு பைப்பை நசுக்கியதில்லை, ஒரு ஆளை உரசியதில்லை. வேலையில் இருக்கும் அந்தக் கவனம் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி கேட்டிலேயே தங்கிவிடும், அவ்வளவுதான். ஊரில் இருக்கும் கொஞ்சம் நெல் நிலத்தையும் தமிழ்செல்விதான் பார்த்துக்கொள்கிறாள். வண்டி சீட்டிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து வளர்ந்த வயிறு ஒன்று அவனுக்கு உண்டு. அதைக் கம்பெனி கொடுத்த போனஸ் என்பான்.

இப்படிப்பட்டவன் நாற்பத்து நாலு வயதில் கராத்தே பழகப் போனான் என்றால், எல்லாவற்றுக்கும் காரணம் அவன் வாய்தான்.

அவனுடைய ஒரே மகள் கவிப்பிரியா ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். மூன்று வருஷமாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் கராத்தே பழகி, வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் தாண்டி பச்சை பெல்ட்டுக்கு வந்திருந்தாள். வைகாசியில் பெரிய மனுஷியானாள். பந்தல், புட்டு, மாமன் சீர் எல்லாம் முறைப்படி நடந்தன. பந்தலைப் பிரித்த மறுநாள் தமிழ்செல்வி அந்தக் கராத்தே உடையை மடித்து பீரோவின் மேல்தட்டில் வைத்தாள்.

"போதும், இன்னியோட சரி. இனிமே ஸ்கூலு, ஊடு. அவ்ளோதான்" என்றாள்.

ஊர் வாய்க்குப் பயந்து சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். வரப்புத் தகராறில் ஊர் வாயையே மூட வைத்தவள் அவள். அவள் பயந்தது ரோட்டுக்கு. செக்போஸ்ட்டிலிருந்து வரிசை கட்டி நிற்கும் லாரிகள், இருட்டுகிற நேரத்து ஷேர் ஆட்டோ, பஸ் ஸ்டாப்பில் வேலை வெட்டி இல்லாமல் நிற்கிற ஆட்கள். இதுவரை குழந்தை என்று விட்டவளுக்கு இப்போது மனசு கேட்கவில்லை. பெற்ற வயிறு, பயப்படத்தான் செய்யும்.

"கராத்தே கத்துக்கினு கீறேனேம்மா, எனக்கு இன்னா பயம்?" என்று கவிப்பிரியா கேட்டாள்.

"எவனாவது கைய வெச்சா இன்னாடி பண்ணுவ? ஜப்பான் பாஷைல ஒண்ணு ரெண்டு எண்ணுவியா? ஃபேன் காத்துல காத்த குத்தறதெல்லாம் ஒரு தைரியமா?"

கவிப்பிரியா அழவில்லை. அழுதிருந்தால் மோகன்ராஜ் தாங்கியிருப்பான். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். வாய் ஓயாத பெண் மூன்று நாள் வீட்டில் பேசாமல் வளைய வந்தால் எந்த அப்பனுக்கும் சோறு இறங்காது. நாலாம் நாள் மோகன்ராஜ் வாயைத் திறந்தான்.

"நா கூட போறேன். நானே கூட்டினு போயி, நானே கூட்டியாறேன். இப்ப இன்னா?"

தமிழ்செல்வி சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் விட்ட ஷூவும் தக்காளியும் அவள் கண்முன் வந்து போயின.

"ஒரு வாரம் போவ. அப்பால 'இன்னிக்கு ஓவர்டைம், நீயே ஆட்டோல வந்துடு கண்ணு'ன்னு போன் பண்ணுவ. எனக்குத் தெரியாதா உன்ன? சரி, ஒண்ணு பண்ணு. நீயும் உள்ள சேரு. அதுவரைக்கும் அவளும் உன்கூட வரட்டும். அடுத்த பரீட்சைல அந்த மஞ்ச பெல்ட்ட வாங்கினு வா. வாங்கிட்டா அவ கிளாசப் பத்தி நா மூச்சு வுட மாட்டேன். வாங்கலன்னா ரெண்டு பேரும் ஊட்ல கெடங்க."

இதோடு கதை முடிந்தது என்பது அவள் கணக்கு. கவிப்பிரியாவும் அப்படித்தான் நினைத்தாள். தன் பச்சை பெல்ட்டைக் கொண்டுபோய் எருமை வாலில் கட்டிவிட்டார்களே என்று அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை மோகன்ராஜுக்குச் சுருக்கென்று தைத்தது.

"சேர்றேன்" என்றான்.

கராத்தே வகுப்பு கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முகூர்த்த நாளில் லீவு. முகூர்த்தத்துக்கு மறுநாள் வகுப்பு உண்டு, ஆனால் தரையில் பாயச வழுக்கல் போகும்வரை யாரும் உதைக்கக்கூடாது. சொல்லித்தருகிறவர் ஹெலன் மாஸ்டர். இருபத்தெட்டு வயது, காலையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. உடம்பில் மோகன்ராஜில் பாதிதான் இருப்பார். ஆனால் அவர் "வரிசை!" என்று ஒரு குரல் கொடுத்தால் மண்டபத்து வாட்ச்மேன்கூடப் பீடியை அணைத்துவிட்டு நேராக நிற்பார்.

முதல் நாள் வாசலில் எல்லோரும் செருப்பை வரிசையாக விட்டு, உள்ளே பார்த்துத் தலை குனிந்து வணங்கிவிட்டு நுழைந்தார்கள். மோகன்ராஜும் குனிந்தான். குனிந்த வேகத்தில் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அண்ணா, குனிஞ்சா போதும். தோப்புக்கரணம் எல்லாம் அப்பறமா நானே தர்றேன்" என்றார் ஹெலன் மாஸ்டர்.

அடுத்தது வரிசை. அங்கே வயசு செல்லாது, பெல்ட்தான் செல்லும். பெரிய பெல்ட் முன்னால், வெள்ளை பெல்ட் கடைசியில், வெள்ளையிலும் புதிதாக வந்தவன் கடைசிக்கும் கடைசி. மோகன்ராஜுக்கு முன்னால் நின்றது ரோஜா என்ற ஆறு வயதுக் குட்டி. முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் இன்னும் வரவில்லை. அவள் திரும்பி அவனை அடிமுதல் முடிவரை பார்த்தாள்.

"அங்கிள், நீங்க எனக்கு ஜூனியரு" என்றாள்.

ரோஜாவே பரவாயில்லை. வகுப்பு முடிவில் சின்ன பெல்ட்டுகள் பெரிய பெல்ட்டுகள் முன்னால் போய் நின்று, குனிந்து, "ஓஸ்" என்று மரியாதை சொல்ல வேண்டும். மோகன்ராஜ் தன் மகள் முன்னால் போய் நின்றான். கவிப்பிரியா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, அவன் குனிவதற்காகக் காத்திருந்தாள். குனிந்தான். வயிறு பாதியில் மறித்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ, நைனா" என்று அவள் உதடு அசையாமல் சொன்னாள்.

பழக்கம் பொல்லாதது. ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது கவிப்பிரியா தண்ணீர்ச் சொம்பை நகர்த்தித் தர, மோகன்ராஜ் தன்னை மறந்து "ஓஸ்" என்று குனிந்தான். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த தமிழ்செல்வியின் கரண்டி இலைக்கு வெளியே போனது. பெற்ற பெண்ணைக் கும்பிடும் புருஷனை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

முதல் மாதம் முழுக்க நிற்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்பத்து நாலு வருஷமாக நின்றுகொண்டுதான் இருக்கிறோம் என்று நினைத்திருந்த மோகன்ராஜுக்கு, நிற்கவே தெரியாது என்று தெரிந்தது. முன்கால் முட்டி மடங்க வேண்டும், பின்கால் விறைப்பாக இருக்க வேண்டும், பின்குதிகால் தரையைவிட்டு எழும்பக்கூடாது. அவனுக்கு முன்கால் மடங்கினால் பின்குதிகால் எழும்பும், அதை அமுக்கினால் வயிறு முன்னால் போய் ஆளையே இழுக்கும். இதற்கு மேல் குத்து. ஒரு கை முன்னால் போகும்போது மறுகை இடுப்புக்கு இழுபட வேண்டும். "குத்தற கைய விட இழுக்கற கைதான் முக்கியம்" என்றார் மாஸ்டர். மோகன்ராஜ் இழுத்த வேகத்தில் முழங்கை போய் பின்னாலிருந்த அண்டாவில் இடித்து, அண்டா அடங்க வெகுநேரம் ஆனது. தடுப்பு, உதை என்று ஒவ்வொன்றாக வந்தன. ஜப்பான் எண்ணிக்கைக்கு ஒன்றாக அத்தனையையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அடிப்படை என்று அதற்குப் பேர். அடியும் அவனுக்குத்தான், படையும் அவன் ஒருவன்தான்.

வீட்டுக்குப் போய் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. தமிழ்செல்வி வெந்நீர் வைத்துக்கொடுத்தாள். அவன் விடுவான், இன்று விடுவான் என்று பார்த்தாள். அவன் விடவில்லை. விடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்த எருமை வால் பார்வை ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. பைக்கின் சைட் பாக்ஸில் இரண்டு உடைகளையும் திணித்துக்கொண்டு, பின்சீட்டில் மகளை ஏற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுவிடுவான். வழியில் கவிப்பிரியா மறுபடி வாய் ஓயாமல் பேச ஆரம்பித்திருந்தாள். ஹெல்மெட்டுக்குள் பாதி காதில் விழாது. ஆனாலும் அது அவனுக்கு இனித்தது.

அடுத்தது கட்டா. எதிரில் ஒருவரும் இல்லாமல் நாலு பக்கமும் ஆள் வருவதாக நினைத்துக்கொண்டு தடுப்பதும் குத்துவதும் திரும்புவதுமாக, மூச்சும் காலும் மாறாமல், ஒரே வரிசைப்படி செய்ய வேண்டும். நேராகப் போய், கோடியில் இரண்டு பக்கமும் திரும்பி, மறுபடி நேராக வர வேண்டும். இது மோகன்ராஜுக்குச் சட்டென்று பிடிபட்டது. கம்பெனி குடோனில் பைப் அடுக்குகளுக்கு நடுவே அவன் தினமும் போய்வருகிற வழியே இதுதான்.

பிடிபட்டதுதான் வினையாகிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குக் குடோனில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிக்க வேண்டும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரத்தத்தில் ஊறிப்போன சட்டம் அது. கட்டாவில் முதல் திருப்பம் வந்தது. மோகன்ராஜ் தலையைத் திருப்பினான், இடுப்பைத் திருப்பினான், "பாம்!" என்றான்.

முன்வரிசைப் பெல்ட்டுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பிறகு ரோஜா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் ஓட்டைப்பல் சிரிப்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். மோகன்ராஜுக்குத் தான் சத்தம் போட்டதே தெரியவில்லை. அடுத்த திருப்பத்திலும் "பாம்!" வந்தது. அடுத்த வாரம் பார்த்தால் வெள்ளை பெல்ட் குட்டிகள் எல்லாம் திருப்பத்துக்குத் திருப்பம் "பாம், பாம்" என்று கட்டா செய்துகொண்டிருந்தன. ஹெலன் மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணா, கட்டால சத்தம் போடத்தான் வேணும். ஆனா ரெண்டே எடத்துல, வயித்துலேர்ந்து கத்தணும். அந்த ரெண்டு எடத்துல நீங்க கம்முனு இருக்கீங்க. மத்த எடத்துலல்லாம் ஹார்ன் அடிக்கிறீங்க."

"வேணும்னு அடிக்கல மாஸ்டர். கை வளையற எடத்துல வாய் தானா வந்துருது."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் பழக்கம் அதற்குக் குறைந்ததில்லை. வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு செய்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தான். பரீட்சைக்கு முந்தின வாரம் ஒருவழியாக ஹார்ன் நின்றது. ஹெலன் மாஸ்டர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

ஆனால் மோகன்ராஜின் உண்மையான கோளாறு ஹார்ன் இல்லை. அது சண்டைப் பயிற்சியில் இருந்தது.

சண்டை என்றால் கண்டபடி கட்டிப் புரள்வதில்லை. எதிரெதிரே இரண்டு பேர். அடிக்கிறவர் "ஜோடான்" என்று சொல்ல வேண்டும். முகத்துக்குக் குறி வைக்கிறேன் என்று அர்த்தம். சொன்னபடியே முகத்துக்கு நேராகக் குத்திக்கொண்டு அடி அடியாக முன்னேற வேண்டும். எதிரில் இருப்பவர் பின்வாங்கியபடி ஒவ்வொரு குத்தையும் தடுக்க வேண்டும். தடுப்பு தவறினால் முஷ்டி தோலில் படாமல் நின்றுவிட வேண்டும். ஆனால் குறி மட்டும் முகத்திலேயே இருக்க வேண்டும், குத்து அங்கேதான் போக வேண்டும்.

மோகன்ராஜுக்குக் குத்து அங்கே போகவில்லை. எதிரில் நிற்பதெல்லாம் குட்டிகள். ரோஜா முகத்துக்கு நேராக ஒரு குத்து விட வேண்டும் என்றால் அவன் கை தானாகவே ஒரு முழம் முன்னால் நின்றுவிடும், இல்லாவிட்டால் காதோரமாக ஒதுங்கிப் போகும். ரோஜா தடுக்கவே வேண்டியதில்லை. காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம்.

ஒருநாள் ஹெலன் மாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கோபப்பட்டு அவன் அன்றுதான் பார்த்தான்.

"அண்ணா, நீங்க பாவம் பாக்குறீங்கன்னு நெனக்கிறீங்க. நீங்க பொய்க்குத்து குத்துறீங்க. பொய்க்குத்த தடுக்கக் கத்துக்கிட்ட புள்ள, நெஜமான குத்து வர்ற அன்னிக்கு இன்னா பண்ணும்? எதுத்தாப்ல நிக்கிறவங்களுக்கு நீங்க தர்ற மரியாதையே அந்தக் குத்துதான். அது நேரா வரலன்னா பரீட்சைல பாஸ் கெடையாது."

மோகன்ராஜ் தலையை ஆட்டினான். புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதே கூடத்தில் நடந்தது. செவ்வாப்பேட்டையிலிருந்து அருணாச்சலம் என்ற மூத்த மாஸ்டர் பரீட்சை எடுக்க வந்திருந்தார். வெள்ளை மீசை, கறுத்து நைந்த கறுப்பு பெல்ட், முகத்தில் சிரிப்பு வைக்க இடமே விடாத தாடை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர்கள். முதல் வரிசையில் தமிழ்செல்வி. நாற்று நடவு இருந்தும் வந்திருந்தாள். தன் பந்தயம் எப்படி ஜெயிக்கிறது என்று தன் கண்ணாலேயே பார்க்க ஆசை.

கவிப்பிரியாவுக்கு அன்று பரீட்சை கிடையாது. உதவிக்கு வந்து ஓரமாக நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நாளை முதல் அந்தக் கூடத்துக்குள் வருவாளா மாட்டாளா என்பது, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு வரிசைக் கடைசியில் நிற்கும் ஒரு மனிதரின் கையில் இருந்தது.

அடிப்படை ஒருவழியாக முடிந்தது. குதிகால் இரண்டு தடவை எழும்பியது, அருணாச்சலம் மாஸ்டர் இரண்டு தடவை புருவத்தைத் தூக்கினார். கட்டா தொடங்கியது. மோகன்ராஜ் தனியாக நடுக்கூடத்தில் நின்றான். முதல் திருப்பம், சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது, சத்தமில்லை. கத்த வேண்டிய இடத்தில் அடிவயிற்றிலிருந்து கத்தினான். கூரைப் புறா ஒன்று பறந்தது. கவிப்பிரியா கையைப் பிசைவதை நிறுத்தினாள். அந்த நிம்மதியில்தான் கெட்டது. கடைசித் திருப்பத்துக்கு வரும்போது, வாசலில் கேஸ் சிலிண்டர் வண்டி ஒன்று ஹார்ன் அடித்தது.

"பாம்!" என்று பதில் சொன்னான் மோகன்ராஜ்.

குட்டிகள் வாயைப் பொத்திக்கொண்டன. அருணாச்சலம் மாஸ்டர் ஹெலன் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். ஹெலன் மாஸ்டர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார்.

கடைசியாகச் சண்டை. வெள்ளை பெல்ட்டுகளை ஜோடி ஜோடியாக நிறுத்தினார்கள். எல்லோருக்கும் ஜோடி கிடைத்தது, மோகன்ராஜ் மட்டும் மிஞ்சினான். ரோஜாவுக்குக் காய்ச்சல், வரவில்லை.

"பெரிய பெல்ட் யாராவது வாங்க" என்றார் அருணாச்சலம் மாஸ்டர். சுற்றிப் பார்த்து, "அந்தப் பச்சை பெல்ட்டு. வாம்மா இங்க" என்று விரலை நீட்டினார்.

விரல் கவிப்பிரியாவிடம் போய் நின்றது. அப்பனும் மகளும் என்று அவருக்குத் தெரியாது. ஹெலன் மாஸ்டருக்குத் தெரியும்; அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இருவரும் எதிரெதிரே நின்று குனிந்தார்கள். "ஹஜிமே!" என்றார் மாஸ்டர். ஆரம்பிக்கச் சொல்லும் வார்த்தை அது. மோகன்ராஜ் முஷ்டியை இடுப்பில் வைத்தான். எதிரில் இரண்டு கண்கள். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பழந்துணியில் சுற்றி இவன் கையில் கொடுத்தபோது முதலில் திறந்த கண்கள். இவளை இதுவரை ஒரு தட்டு தட்டியதில்லை. ஸ்கூல் ரிப்போர்ட்டில் சிவப்புக் கோடு வந்தபோதுகூடத் தமிழ்செல்விதான் அடித்தாள். இவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

"ஜோடான்" என்றான். கால் முன்னால் போனது, கை போனது, போய் அவள் காதோரமாக விலகிக் காற்றைக் குத்தியது. கவிப்பிரியாவின் தடுப்பு ஒன்றையும் தொடாமல் வெறுமனே மேலே போய் வந்தது. அடுத்த குத்தும் அப்படியே. அதற்கடுத்தது இன்னும் தூரம்.

"யாமே!" என்று நிறுத்தினார் அருணாச்சலம் மாஸ்டர். "சண்டை போடுறீங்களா, ஈ ஓட்டுறீங்களா? இன்னும் ஒரு தடவைதான். நேரா குத்தலன்னா கெளம்பலாம்."

இருவரும் மறுபடி எதிரெதிரே வந்தார்கள். கவிப்பிரியாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. அது பயம் இல்லை, கோபம்.

"நைனா, பொய்க்குத்து குத்தாத" என்றாள் மெதுவாக. "நா இன்னா ரோஜாவா? நேரா குத்து நைனா."

இடுப்பில் வைத்த முஷ்டி அங்கேயே ஒட்டிக்கொண்டது. முடியவில்லை. குத்தாவிட்டால் இவளுக்கு இந்தக் கூடம் போய்விடும் என்று தெரிகிறது, குத்தவும் முடியவில்லை. ஹெலன் மாஸ்டர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நாற்காலி வரிசையில் யாரோ இருமினார்கள்.

திடீரென்று முதல் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தமிழ்செல்வி எழுந்து நின்றிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். வரப்புத் தகராறில் நிற்கிற மாதிரியே நின்றாள்.

"யோவ்! இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? அடிய்யா! அவ தடுப்பா!"

நாலு பேர் நடுவில் புருஷனை அவள் யோவ் என்றது அதுதான் முதல் தடவை. கூடம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கும்.

"ஜோடான்!" என்று கத்தினான் மோகன்ராஜ்.

குத்து நேராகப் போனது. தொண்ணூறு கிலோவும் அதன் பின்னால் போனது. கவிப்பிரியா ஒரு அடி பின்வாங்கி, முன்கையைத் தூக்கித் தடுத்தாள். பட்டென்று சத்தம் கேட்டது. தட்டிப்போன கை தலைக்கு மேலே எங்கோ போய், மோகன்ராஜுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. நிற்கவில்லை, அடுத்த குத்து, அடுத்தது. ஒவ்வொன்றும் அவள் மூக்கைப் பார்த்துப் போனது, ஒவ்வொன்றையும் அதே இடத்தில் அடித்துத் தள்ளினாள். கடைசிக் குத்தைத் தடுத்த கையோடு மறுகை பாய்ந்து வந்து, அவன் வயிற்றுக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. "ஏய்!" என்ற அவள் கத்தலில் கேஸ் வண்டிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

மோகன்ராஜ் எல்லாவற்றையும் மறந்தான். "கண்ணு, உனுக்குக் கை வலிக்குதா?" என்று கேட்டுவிட்டான்.

"சண்டைல பேசக்கூடாது!" என்றார் அருணாச்சலம் மாஸ்டர். அந்தத் தாடைக்குப் பக்கத்தில் ஏதோ சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனதாகக் குட்டிகள் பிறகு சொன்னார்கள்.

முடிவைச் சொன்னார். சண்டை நன்று. அடிப்படை சுமார். கட்டா மறுபடி. கட்டாவில் ஹார்ன் கிடையாது, ஆகவே மோகன்ராஜ் இந்தத் தடவை வெள்ளை பெல்ட்டிலேயே இருக்கட்டும், அடுத்த பரீட்சைக்கு வரட்டும்.

பந்தயம் தோற்றது. தமிழ்செல்வி பஸ்ஸில் போய்விட்டாள், நடவு ஆட்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று. அப்பனும் மகளும் பைக்கில் திரும்பினார்கள். கவிப்பிரியா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஹெல்மெட்டுக்குள் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று மோகன்ராஜுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு கேஸ் வண்டி கெடுத்ததே, தன் வாய் கெடுத்ததே என்று நெஞ்சு வலித்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அறைக்குள் போய்ப் பச்சை பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நடவு முடிந்து, கால் கை கழுவிக்கொண்டு, சாயங்காலம் தமிழ்செல்வி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். மோகன்ராஜ் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் வலது கையைப் பிடித்து இழுத்துச் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டுக்கு மேலே முன்கை முழுக்க ஊதாவாகக் கன்றி வீங்கியிருந்தது. அதை இப்படியும் அப்படியும் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தாள். நல்ல விளைச்சலைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு கட்டை விரலை வைத்து நடுவில் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"அய்யோ!"

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நெஜமாவா? நல்லாவே வலிக்குதா?"

"உயிர் போவுது, தமிழு."

"அப்ப சரி" என்றாள் தமிழ்செல்வி. எண்ணெயைத் தடவிக்கொண்டே அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏய் கவி! நாளைக்கு கிளாஸ் இருக்குதுல்ல? டிரெஸ்ஸ ஊற வெச்சியா இல்லியா? உங்க நைனாவுதையும் சேத்து ஊற வையி."